முதல் ஆஸ்பத்திரி பிடிக்கவில்லையா: இருப்பதா, வார்டு மாறுவதா, கிளம்புவதா?

காலை எட்டே முக்காலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் பஸ் ஹாரன், ஷேர் ஆட்டோக்காரர் "போரூர், போரூர்" என்று கூப்பிடுகிற சத்தம், நடுவில் ஒரு பெண் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறாள். "அக்கா, நைட் டூட்டி முடிச்சிட்டு வடபழனி ஸ்டாப்பிங்ல நிக்கிறேன். ஹாஸ்டலுக்குப் போறதா, அப்படியே கிளாம்பாக்கம் போய் ஊருக்கு பஸ் ஏறிடறதான்னு தெரியல." திண்டிவனம் பக்கத்துப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலரை மாதம் ஆகிறது.

நான் பதினாறு வருடமாக இந்த ஊரில் நர்சாக இருக்கிறேன். இதே கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் மாதம் இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள், பெண்களும் கேட்கிறார்கள், பிரதர்கள் என்று நாங்கள் கூப்பிடுகிற ஆண் நர்சுகளும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தலைக்குள் இரண்டே வழிதான் ஓடுகிறது: பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, இல்லாவிட்டால் எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது. நிஜத்தில் குறைந்தது ஆறு வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியாத ஒரு செலவும் இருக்கிறது. அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்றுதான் இது.

## அதற்கு முன்னால் ஒன்று: கஷ்டம் புதுசு என்பதாலா, இடத்தாலா?

எந்த வழியைப் பற்றிப் பேசுவதற்கும் முன்னால் இதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். புதுசு என்பதால் வருகிற கஷ்டம் நீங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடவே வரும். இடத்தால் வருகிற கஷ்டம் அந்த கேட்டைத் தாண்டியதும் நின்றுவிடும். முதலாவதுக்குப் பயந்து வேலையை விட்டால் அடுத்த இடத்தில் மறுபடி முதலில் இருந்து அதையே படவேண்டும். இரண்டாவதைச் சகித்துக்கொண்டே இருந்தால் நீங்கள் தேய்ந்துபோவீர்கள், நோயாளிக்கும் ஆபத்து.

என் முதல் வேலையில் இரண்டுமே இருந்தது. முதல் இரண்டு மாதம் எனக்கு ஐ.வி. லைன் கிடைக்கவே கிடைக்காது. வயசான பாட்டிகளின் கையைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும், ஒருமுறை மூன்று தடவை குத்தியும் வராமல், அந்தம்மா "பரவால்லமா, இன்னொரு தடவை பாரு" என்று சொன்னதும் போய் பெட்பான் கழுவுகிற அறையில் நின்று அழுதேன். சிஸ்டர் ஆகவே எனக்குத் தகுதியில்லை என்று அன்றைக்கு முடிவே பண்ணிவிட்டேன். நாலாவது மாதம் அது தானாகப் போய்விட்டது. கை பழகிவிட்டது, அவ்வளவுதான். இது புதுசின் கஷ்டம்.

அதே ஆஸ்பத்திரியில் ஒரு நைட், பதினான்கு நோயாளிகளுக்கு நான் ஒருத்தி. மூன்று மணிக்கு ரவுண்ட்ஸ் போகும்போது ஒரு சுகர் நோயாளியின் சட்டை முதுகோடு ஒட்டி ஈரமாக இருந்தது, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. குளுக்கோமீட்டரில் 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல், ஆம்பியூல் நாலு எடுத்துப் போட வேண்டும், அது இருக்கிற அலமாரி பூட்டியிருந்தது, சாவி பகல் டூட்டி இன்சார்ஜோடு வீட்டுக்குப் போயிருந்தது. டியூட்டி டாக்டர் கேஷுவாலிட்டியில், போன் எடுக்கவில்லை. நான் இரண்டு மாடி இறங்கி ஓடி ஐசியூவில் இருந்து வாங்கி வந்து போட்டேன். அவர் கண் திறந்துவிட்டார். மறுநாள் காலையில் சாவியைப் பற்றிச் சொன்னேன். "திருட்டுப் போகுது, அதான் பூட்டறோம்" என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அது பூட்டியேதான் இருந்தது. நான் எவ்வளவு திறமைசாலியாக மாறினாலும் அந்தச் சாவி என் கைக்கு வரப்போவதில்லை. இது இடத்தின் கஷ்டம்.

அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர், படித்து முடித்து வார்டுக்குள் வருகிற புது நர்சுகள் அடைகிற அதிர்ச்சிக்கு 1970களிலேயே ரியாலிட்டி ஷாக் என்று பெயர் கொடுத்தார். ஐம்பது வருடமாகத் தெரிந்த விஷயம் இது. அதனால் அழுகிறோமே என்று உங்களைக் குறைவாக நினைக்காதீர்கள்.

ஒரு பேப்பரை இரண்டாக மடித்து, உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற விஷயங்களை இடம், புதுசு என்று பிரித்து எழுதுங்கள். நைட் டூட்டி முடித்த காலையில் வேண்டாம், ஆஃப் நாளில், சாப்பிட்டுத் தூங்கி எழுந்தபிறகு.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயம் பார்க்கிறேன். முதலாவதற்கு மற்ற நான்கையும் விட அதிக எடை.

பாதுகாப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்துக்கு ஒருவர், வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர். சென்னையில் இந்தக் கணக்கு அப்படியே நடக்கிற வார்டு அரிது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் வார்டு அதிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம், நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் என்ன நடக்கிறது? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. நடுராத்திரியில் அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று உங்கள் சீனியருக்கே தெரியாவிட்டால், ஹெபடைட்டிஸ் பி ஊசி போடாமலே உங்களை வார்டில் விட்டிருந்தால், அது இடத்தின் குறைதான். செய்யாததைச் செய்ததாகக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்கிறார்களா என்பதும் இதில் சேரும்.

கற்றுக்கொள்கிறோமா. போன மாதம் செய்யத் தெரியாத எது இந்த மாதம் தெரிகிறது? ஒன்றுகூடச் சொல்ல முடியாவிட்டால் அந்த மாதம் வீண்.

கையில் வருகிற பணம். ஆஃபர் லெட்டரில் இருப்பதை விட்டுவிடுங்கள், மாசக் கடைசியில் மிஞ்சுவதைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் அமைந்த மத்தியக் குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் அரசு நர்சுக்கு நிகரான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் அது இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது.

காகிதம். பாண்ட் (இத்தனை வருடம் இருப்பேன், முன்னால் போனால் இவ்வளவு கட்டுவேன் என்று எழுதிக்கொடுக்கிற ஒப்பந்தம்), நோட்டீஸ் காலம், ஒரிஜினல் சர்டிபிகேட் யார் கையில், அனுபவச் சான்றிதழ் கிடைக்குமா. இதற்குத் தனியாகக் கீழே எழுதுகிறேன்.

உடம்பும் வீடும். தூக்கம், மாதவிடாய், எடை, முதுகு. வீட்டில் கல்விக்கடன் தவணை யார் கட்டுகிறார்கள், உங்கள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கார்டில் அம்மா அப்பா வைத்தியம் பார்க்கிறார்களா.

## வழி 1: அங்கேயே ஒரு வருடம் முடிப்பது

இதைத்தான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், காரணம் இல்லாமலும் இல்லை. அடுத்த ஆஸ்பத்திரி எச்.ஆர். முதலில் பார்ப்பது அந்த ஒரு வருட எண்ணைத்தான். வெளிநாட்டு ஏஜென்சி விளம்பரங்களில் நிறைய இரண்டு வருடம் கேட்கிறது, அதிலும் எத்தனை படுக்கை ஆஸ்பத்திரி என்று கேட்கிறது. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமா முடித்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு எழுத, குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை.

மறைந்திருக்கிற செலவு என்னவென்றால், மோசமான பழக்கம் கையில் ஏறிவிடும். இரண்டு பேர் சரிபார்க்க வேண்டிய இன்சுலினை ஒருவரே போடுவது, கை கழுவாமல் அடுத்த பெட்டுக்குப் போவது, ஆறு மணிக்குப் பார்க்க வேண்டிய பி.பி.யை எட்டு மணிக்கு மொத்தமாக எழுதுவது. ஒரு வருடம் இப்படி இருந்துவிட்டால் அதுதான் முறை என்று தோன்ற ஆரம்பிக்கும். அதை மாற்ற அடுத்த இடத்தில் இன்னொரு வருடம் ஆகும், அங்கே உங்களை "ஒரு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்" என்று எண்ணி யாரும் சொல்லித்தரவும் மாட்டார்கள்.

உங்கள் பட்டியலில் புதுசு பக்கம் நீளமாக இருந்து, ஒரு சீனியராவது கேட்டால் சொல்லித்தருகிற ஆளாக இருந்தால், இருங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு, பாதுகாப்புப் பிரச்சினை இல்லாத பட்சத்தில், என் பதில் பெரும்பாலும் இதுதான். ஆனால் "ஒரு வருஷம்" என்று மொத்தமாக நினைத்தால் மலைப்பாக இருக்கும். காலண்டரில் ஆறாவது மாதத்தைக் குறித்துவைத்து, அன்றைக்குப் பட்டியலை மறுபடி எழுதுங்கள்.

## வழி 2: அதே ஆஸ்பத்திரியில் வார்டு மாறுவது

கேட்கவே கேட்காமல் விடுகிற வழி இது. ஏன் கேட்கவில்லை என்றால் "கொடுக்க மாட்டாங்கக்கா" என்பார்கள். கேட்டாயா என்றால் இல்லை. ஒரே ஆஸ்பத்திரிக்குள்ளேயே மூன்றாவது மாடி நரகமாகவும் ஐந்தாவது மாடி வீடு மாதிரியும் இருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாறுவது ஒரே ஒரு இன்சார்ஜும் நாலு சீனியரும்தான், ஆனால் அந்த ஐந்து பேர்தான் உங்கள் நாள் முழுவதையும் தீர்மானிக்கிறார்கள்.

இதில் சம்பளம் குறையாது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. அறுபடாது, ஹாஸ்டல் மாற வேண்டாம், அனுபவக் கணக்கு தொடரும், பாண்டும் உடையாது. நாளைக்கே வேலையை விட்டாலும் "ஜெனரல் வார்டு ஆறு மாசம், டயாலிசிஸ் ஆறு மாசம்" என்று சொல்வது உங்களுக்கு நல்லதுதான்.

கேட்கிற விதம் முக்கியம். நேராக நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டிடம் போய் "இந்த இன்சார்ஜ் கூட என்னால முடியல" என்றால் அது சண்டையாகிவிடும், அந்த இன்சார்ஜ் அவருக்குப் பத்து வருடப் பழக்கமாகக்கூட இருக்கலாம். "எனக்கு டயாலிசிஸ் கத்துக்கணும் மேடம், அங்க இடம் வரும்போது என்னைப் போடுங்க" என்று கேளுங்கள். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் அரைப் பக்கம் எழுதி, தேதி போட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

மறைந்திருக்கிற செலவு இரண்டு. டயாலிசிஸ், கேத்லேப் (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறை), ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) மாதிரி இடங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று சொல்லிப் புதிதாக ஒரு பாண்டில் கையெழுத்து கேட்கிற ஆஸ்பத்திரிகள் உண்டு, படிக்காமல் போடாதீர்கள். இன்னொன்று, நீங்கள் மாறுகிற தகவல் தெரிந்ததிலிருந்து மாறுகிற நாள் வரை பழைய வார்டில் ரோஸ்டர், அதாவது டூட்டி அட்டவணை, கொஞ்சம் கடினமாக விழலாம்.

ஆனால் கஷ்டம் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியதாக இருந்தால், எந்த மாடியிலும் ஆள் இல்லை, சம்பளமே இரண்டு மாதம் தள்ளி வருகிறது என்றால், வார்டு மாறி ஒன்றும் ஆகப்போவதில்லை.

## வழி 3: வேறு தனியார் ஆஸ்பத்திரி

கிரீம்ஸ் ரோட்டில் இருந்து பெரும்பாக்கம் வரை, போரூரில் இருந்து ஓ.எம்.ஆர். வரை சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் இல்லை. ஆறு மாதம் அனுபவம் உள்ள நர்சுக்கு வேலை கிடைக்காமல் போவது குறைவு. அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது.

பணக்கணக்கில் எல்லோரும் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கிறது, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு உதாரணம். இப்போது சம்பளம் 19,000. பேசிக் 9,500, அதற்கு 12 சதவீதம் பி.எஃப். 1,140. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 143 ரூபாய். ஆஸ்பத்திரி ஹாஸ்டலும் மெஸ்ஸும் 6,500. கையில் 11,217. புது இடத்தில் 22,000 தருகிறார்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. பேசிக் 11,000க்கு பி.எஃப். 1,320 போகிறது. அங்கே ஹாஸ்டல் இல்லை, சாப்பாட்டோடு பி.ஜி. 8,000. விடிகாலையில் கட்டணமில்லா பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாத நாட்களின் ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,200. கையில் 11,480. மூவாயிரம் கூடுதல் சம்பளத்துக்கு நிகரமாக 263 ரூபாய். இது போக, 21,000க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தால் இ.எஸ்.ஐ. கிடையாது. உங்கள் கார்டில் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தால் அந்த 22,000 உண்மையில் சம்பளக் குறைவு. புது இடம் குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் தருகிறதா, அதில் பெற்றோர் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இன்டர்வியூவில் நீங்களும் கேள்வி கேட்கலாம். நைட்டில் ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி, புதிதாகச் சேருபவரை எத்தனை வாரம் சீனியரோடு போடுகிறீர்கள், மாதம் எத்தனை ஆஃப், போன மாதம் எத்தனை பேர் டபுள் டூட்டி பார்த்தார்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் பத்து நிமிடம் நில்லுங்கள். வெளியே வருகிற நர்சுகளின் முகத்தைப் பாருங்கள், ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். எச்.ஆர். சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பாதுகாப்புக் குறை உங்கள் ஆஸ்பத்திரி முழுக்க இருந்தால் இதுதான் சரியான வழி. ஆஃபர் லெட்டர் கையில் வருகிறவரை இங்கே எதையும் சொல்லாதீர்கள்.

## வழி 4: அரசு வேலைக்குத் தயாராவது

"ஜி.ஹெச்.ல சேர்ந்துட்டா போதும்" என்பது நம் வீடுகளில் எல்லோருடைய கனவும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, கூட்டம் அதிகமானாலும் ஸ்டான்லியிலோ கீழ்ப்பாக்கம் கே.எம்.சி.யிலோ ஆறு மாதத்தில் பார்க்கிற கேஸ்களைத் தனியாரில் ஆறு வருடத்திலும் பார்க்க முடியாது. ஆனால் பாதையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., 2012இல் அமைந்தது. 2015இல் நர்சுகளுக்கு எழுத்துத் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள், தொகுப்பூதியம், அதாவது நிரந்தரமாகும் வரை மாதம் ஒரே தொகையாகத் தருகிற சம்பளம், அப்போது 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தவர்களில் பலர் அதற்கு மேலும் பல வருடம் காத்திருந்தார்கள், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தொகுப்பூதியம் பிறகு 14,000 ஆகி, 18,000 ஆனது. கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. அதனால் அரசு என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துவிடாதீர்கள், நிரந்தரமா, தொகுப்பூதியமா, பதினொரு மாத ஒப்பந்தமா என்று பாருங்கள்.

இன்னொரு பாதை நார்செட். 2020இல் இருந்து எய்ம்ஸ் நடத்துகிறது, நர்சிங் ஆபீசர் பதவி, ஏழாவது ஊதிய நிலை, அடிப்படை மட்டும் 44,900. இடம் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் விழலாம், வீட்டில் இதை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு காலம்தான். வேலையை விட்டுவிட்டு கோச்சிங் சென்டரில் சேர்ந்து, அறிவிப்பு தள்ளிப்போய், ஒன்றரை வருடம் கழித்து கை மறந்துபோய் வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். நைட் டூட்டியோடு படிப்பது கஷ்டம்தான். அதனால் வேலையை அடியோடு விடுவதற்குப் பதில், எட்டு மணி நேர ஷிப்ட் உள்ள சின்ன இடத்துக்கு, சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும், மாறிப் படிப்பது நல்லது. 50 படுக்கை நிபந்தனை மட்டும் ஜி.என்.எம். முடித்தவர்கள் மறக்க வேண்டாம்.

## வழி 5: வெளிநாடு

இதைத் தப்பிக்கிற வழியாக நினைக்காதீர்கள். வார்டில் ஆறு மாதம் தாங்க முடியாமல் ரியாத் போனால் மொழி தெரியாத ஊரில் அதே கஷ்டம் இன்னும் பெரிதாக வரும்.

திட்டமாக நினைத்தால் நல்ல வழி. வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு உண்டு, அவர்கள் நீங்கள் கொடுத்த அனுபவச் சான்றிதழை உங்கள் பழைய ஆஸ்பத்திரிக்கே அனுப்பி உண்மையா என்று கேட்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட இடம் அன்றைக்கு என்ன பதில் எழுதும் என்று யோசியுங்கள். இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். இப்போது அங்கே முன்பு போல் ஆள் எடுப்பதும் இல்லை. ஜெர்மனிக்கு பி2 நிலை ஜெர்மன் வேண்டும். நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கிற மேக்ஸ் முல்லர் பவனில் படிக்கலாம், ஆனால் அ ஆவில் இருந்து ஆரம்பிப்பவருக்கு வேலையோடு சேர்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

ஏஜென்ட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இல் இருந்து இருக்கிறது, நர்சுகளையும் அனுப்புகிறது, முதலில் அங்கே பதிவு பண்ணுங்கள்.

## வழி 6: இன்றைக்கே நின்றுவிடுவது

இது எப்போதுமே தப்பு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. யாராவது உடம்பில் கை வைத்தால், பாலியல் ரீதியாகத் தொல்லை கொடுத்தால், நோயாளி இறந்ததற்குப் பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால், இல்லை நீங்களே செத்துவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால், அனுபவச் சான்றிதழ், பாண்ட் எதுவும் முக்கியம் இல்லை. கிளம்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். பாலியல் தொல்லைக்கு ஆஸ்பத்திரியின் உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், வேலையை விட்டபிறகும் கொடுக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

## ஒரு பார்வையில்

| வழி | பாதுகாப்பு | கற்றல் | கைக்காசு | காகிதம் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ஒரு வருடம் முடிப்பது | மாறாது | சீனியர் நல்லவராக இருந்தால் உண்டு | மாறாது | சுத்தம் | கஷ்டம் பெரும்பாலும் புதுசு என்பதால் வருகிறவர்களுக்கு |
| வார்டு மாறுவது | வார்டைப் பொறுத்து மேம்படும் | அதிகம் | மாறாது | புது பாண்ட் வருமா பாருங்கள் | இன்சார்ஜும் சூழலும்தான் பிரச்சினை என்பவர்களுக்கு |
| வேறு தனியார் | விசாரித்துப் போனால் மேம்படும் | இடத்தைப் பொறுத்து | ஹாஸ்டல், இ.எஸ்.ஐ. கழித்துப் பாருங்கள் | பாண்ட், நோட்டீஸ் | ஆஸ்பத்திரி முழுக்கவே பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு |
| அரசுத் தேர்வு | நோயாளி கூட்டம் அதிகம் | மிக அதிகம் | நிரந்தரமா என்பதைப் பொறுத்தது | தேர்வு வரை காத்திருப்பு | படிக்க நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு |
| வெளிநாடு | நாட்டைப் பொறுத்து | அதிகம் | அதிகம், முன்செலவும் அதிகம் | பழைய இடத்தின் சான்று தேவை | ஒன்றிரண்டு வருடத் திட்டம் உள்ளவர்களுக்கு |
| உடனே நிற்பது | உடனே காப்பாற்றும் | நிற்கும் | நிற்கும் | சிக்கல் வரும் | உயிர், மானம், உரிமம் ஆபத்தில் இருப்பவர்களுக்கு |

## பாண்டும் ஒரிஜினலும்

பாதிப் பேரைக் கட்டிப்போடுவது இதுதான். சேரும்போது எச்.ஆர். பழுப்பு நிறக் கவரில் பத்தாவது மார்க்ஷீட்டில் இருந்து கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் வரை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்வார், கேட்டால் "போகும்போது வாங்கிக்கோ" என்பார். புதிதாகச் சேரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சரிபார்க்கக் காட்டுங்கள், கூடவே நின்று திருப்பி வாங்கிவிடுங்கள். ஏற்கனவே கொடுத்தவர்கள், வேலையை விடுகிற பேச்சை எடுக்கும் முன்பே, எம்.ஆர்.பி. விண்ணப்பத்துக்கோ கல்விக்கடன் பேங்க்குக்கோ உண்மையாகவே தேவைப்படும் சமயத்தில் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். மெயிலில் கேளுங்கள், மறுத்தால் அந்த மறுப்பு எழுத்தில் இருக்கும்.

பாண்ட் பற்றி இரண்டு பக்கமும் தப்பாகப் பேசுகிறார்கள். "ஒரு லட்சம் கட்டினால்தான் விடுவோம்" என்பது முழு உண்மை இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, எழுதியிருக்கிற தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும், உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள், என்ன செலவு பண்ணினார்கள் என்ற கேள்வி வரும். "பாண்ட் செல்லவே செல்லாது, தூக்கிப் போடு" என்பதும் உண்மை இல்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் போனால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தேர்வு நடத்தி ஆள் எடுக்கிற பொதுத்துறை வங்கி, உங்கள் ஆஸ்பத்திரி நிலைமை வேறாக இருக்கலாம். அதனால் பாண்ட் நகலோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, 15100க்குப் போன் பண்ணினால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

கிளம்புவது என்று முடிவானால் ராஜினாமாவில் குறை எழுதாதீர்கள். தேதி, நோட்டீஸ் காலம், கடைசி வேலை நாள், நன்றி, அவ்வளவு போதும். சாவி மாதிரி பாதுகாப்புக் குறைகளைத் தனிக் கடிதமாக, நாளும் நேரமும் போட்டு எழுதுங்கள், அது உங்களுக்குப் பின்னால் அந்த வார்டுக்கு வருகிற பெண்ணுக்காக. கடைசி மூன்று மாதச் சம்பள ரசீது, ரோஸ்டர், பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண் எல்லாவற்றையும் போனில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை வெளியே எடுக்காமல் புது இடத்துக்கு மாற்றுங்கள், ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரியில் வரும்.

அந்தத் திண்டிவனம் பெண் அன்றைக்கு ஹாஸ்டலுக்குத்தான் போனாள். தூங்கி எழுந்து பழைய ரோஸ்டர் பேப்பரின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிப் படம் அனுப்பினாள். மொத்தம் ஒன்பது வரி. புதுசு பக்கம் நாலு, இடம் பக்கம் ஐந்து, அந்த ஐந்தில் மூன்று ஒரே இன்சார்ஜ் சம்பந்தப்பட்டது. சூப்பரின்டென்டன்ட்டிடம் எழுதிக்கொடுத்து, இரண்டாவது தடவை போய்க் கேட்டபிறகு, ஒன்றாம் தேதியில் இருந்து டயாலிசிஸ் யூனிட் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதம் பார்ப்பது, அப்போதும் முடியாவிட்டால் வேறு ஆஸ்பத்திரி என்று இரண்டு பேரும் பேசிவைத்திருக்கிறோம். டயாலிசிஸ் என்றதும் ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்றும் போட்டாயா என்று கேட்டேன். இரண்டு போட்டிருக்கிறாள், மூன்றாவதுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, தேதியைப் போனில் குறித்துவைத்திருக்கிறாள்.